கலோரிக் குறைப்பும் ஆயுளும்: எதனோடு ஒப்பிடுகிறோம்?

உண்ணும் கலோரிக்கும் செலவாகும் கலோரிக்கும் உள்ள வேறுபாடே உடல் எடையை முடிவு செய்கிறது என்பது சரியான கூற்றுதான். ஆயினும், செலவுப் பக்கம் ஒரே நிலையில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், உணவைக் குறைத்தும் எடை இறங்கவில்லையே என்று வருந்துவோருக்கு நியாயம் செய்தவர்களாவோம். 1 கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் இருப்பதால், நாளொன்றுக்கு 500 கிலோகலோரியைக் குறைத்தால் பதினைந்து நாளுக்கு ஒரு கிலோ கரைந்துகொண்டே போகும் என்று கணக்கிடத் தோன்றும். ஆனால், சிறுத்த உடலுக்குத் தேவையும் சிறுத்துவிடுகிறது. கொழுப்புத் திசுக்கள் சுரக்கும், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் குறைய, பசி கூடி, வளர்சிதைமாற்றம் மந்தமாகிறது. அதனால் அந்தக் கணக்கு மாதக்கணக்கில் பலிப்பதில்லை. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்த 36 ஆண்கள் தம் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தனர். ஓய்வு நிலையில் அவர்களது உடல் செலவிட்ட ஆற்றலோ அதைவிட அதிக விகிதத்தில், சுமார் 40 விழுக்காடு வரை சரிந்தது.

உணவைக் குறைத்தால் ஆயுள் நீளுமா என்ற தேடல் 1935இல் வலுப்பெற்றது. சத்துக்குறைவு நேராமல் கலோரியை மட்டும் குறைத்து வளர்த்த எலிகள் நெடுநாள் வாழ்ந்ததை கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே அப்போது காட்டினார். உணவு குறையும்போது இன்சுலினும் அதையொத்த வளர்ச்சிக் காரணிகளும் தாழ்கின்றன. செல்கள் வளர்ச்சியை நிறுத்திவைத்து, பழுதான உட்பகுதிகளைச் சிதைத்து மறுபயன்படுத்தும் தன்னுண்ணல் வேலையில் இறங்குகின்றன. இந்தச் செயல்முறையை விளக்கியதற்காக யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு, நம் நெருங்கிய உறவான ரீசஸ் குரங்குகளிடம் கிடைத்த விடைதான் என் பார்வையில் இத்துறையின் மிக மதிப்புள்ள பாடம். ஏறத்தாழ 30 விழுக்காடு கலோரிக் குறைப்போடு, 1980களின் இறுதியில் இரண்டு நீண்ட ஆய்வுகள் அமெரிக்காவில் தொடங்கின. குறைத்து உண்ட குரங்குகள் முதுமை நோய்களால் இறப்பது குறைந்ததாக விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2009இல் அறிவித்தது; ஆயுள் நீளவில்லை என்று தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012இல் அறிவித்தது. முரணுக்கான காரணத்தைத் தேடியபோது, கலோரி குறைக்கப்படாத ஒப்பீட்டுக் குழுக் குரங்குகளின் தட்டைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. விஸ்கான்சின் குரங்குகளின் உணவு எடையில் 28 விழுக்காட்டுக்கும் மேல் சர்க்கரை. அங்கே ஒப்பீட்டுக் குழு விரும்பிய அளவு உண்டு பருத்தது. மற்ற ஆய்விலோ சர்க்கரை 4 விழுக்காடு அளவே. ஒப்பீட்டுக் குழுவுக்கும் மிகாத அளவிலேயே உணவு தரப்பட்டது. ஆகவே, மிகையாக உண்பவர் குறைத்தால் கிடைக்கும் பெரும் நன்மை, ஏற்கெனவே அளவோடு உண்பவர் மேலும் குறைத்தால் அதே அளவில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பின்னர் இரு குழுக்களும் தரவுகளை இணைத்து ஆராய்ந்து, தொடங்கும் வயது, உணவின் தன்மை, பாலினம் ஆகியவையும் பலனை மாற்றுகின்றன என்று 2017இல் எழுதின.

மனிதரின் முழு ஆயுளையும் இப்படிச் சோதிப்பது அரிது. உடற்பருமன் இல்லாதோர் இரண்டு ஆண்டுகள் பங்கேற்ற 'கலோரி' என்னும் அமெரிக்கச் சோதனையில், குறிக்கப்பட்ட கலோரிக் குறைப்பு இலக்கு 25 விழுக்காடு; அவர்களால் எட்ட முடிந்ததோ சுமார் 12 விழுக்காடு. இரத்த அழுத்தமும் தீய கொழுப்பும் குறைந்தன, எடையும் ஏழு கிலோவுக்கு மேல் இறங்கியது. அதனுடன் தசையும், இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் எலும்பு அடர்த்தியும் ஓரளவு குறைந்தன. ஏற்கெனவே மெலிந்திருக்கும் முதியவர் உணவைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டியது இதனால்தான்.