ரெண்டு பேருக்குச் சாப்பிடச் சொல்பவர்களுக்கு

பையனுக்கு ஏழு வயது. எடை 39 கிலோ. ஆனால் அவனைக் கூட்டிவந்தது எடைக்காக இல்லை, கழுத்துக் கருப்புக்காக. "பயத்தமாவு, கடலைமாவு எல்லாம் போட்டுத் தேய்ச்சாச்சு டாக்டரம்மா, அழுக்கு போகவே மாட்டேங்குது" என்றார் பாட்டி. அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் கூடிக் கிடப்பதற்குத் தோல் காட்டும் அடையாளம். தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் கழுத்து புண்ணானதுதான் மிச்சம்.

பிறந்தபோது என்ன எடை என்று கேட்டேன். பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாலே கால் கிலோ! வார்டே வந்து பாத்துட்டுப் போச்சு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள், பையனின் அம்மா, இப்போது மறுபடியும் நாலு மாதம். மடியில் ஒரு டிபன் டப்பா. உள்ளே நெய் வழியும் கேசரி. "வெளியில வந்தா பசிக்கும்ல, ரெண்டு உசுராச்சே."

இந்த மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருப்பது அதனால்தான்.

நான் குழந்தை மருத்துவர். கர்ப்பிணியின் தட்டைப் பற்றிப் பேச உனக்கென்ன வேலை என்று மகப்பேறு மருத்துவத் தோழிகள் கேட்கலாம். அந்தத் தட்டில் விழுந்தது பிரசவ அறையிலிருந்து துணியில் சுற்றி என் கைக்குத்தானே வருகிறது? நாலு கிலோ குழந்தையைப் பார்த்து வெளியே ஸ்வீட் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே நாங்கள் அதன் குதிகாலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருப்போம். "நல்லா தூங்குறான், தொந்தரவு பண்ணாதீங்க" என்பார்கள். சர்க்கரை 28க்கு இறங்கிய குழந்தையும் அப்படித்தான் 'தூங்கும்'.

சரி, இந்த "ரெண்டு பேர்" கணக்கை ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மூன்றாம் மாதக் கடைசியில் அந்த இரண்டாவது ஆளின் எடை சுமார் 14 கிராம். ஒரு நெல்லிக்காயைவிட லேசு. அஞ்சாம் மாதத்திலும் முந்நூறு கிராம் சொச்சம்தான். நெல்லிக்காய்க்கு எத்தனை இட்லி வைப்பீர்கள்? முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதல் சாப்பாடே தேவையில்லை. மசக்கையில் சாப்பிட்டது உள்ளே தங்கினால் போதும். அதற்குப் பிறகு தேவைப்படுவது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, நாளைக்கு 350 கலோரி. அதாவது ஒரு டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல். அவ்வளவுதான் அந்த இரண்டாவது ஆளின் பங்கு.

வீட்டில் நடப்பது என்ன? காலையில் நாட்டுச்சர்க்கரை போட்ட சத்துமாவுக் கஞ்சி. பதினொரு மணிக்கு மாதுளை ஜூஸ். மதியம் வழக்கத்தைவிட ரெண்டு கரண்டி சோறு, மேலே நெய். சாயங்காலம் பாதாம் பால், அதோடு "பாவம், ஆசைப்பட்டா" என்று ஏதாவது பலகாரம். படுக்கப் போகும்போது டப்பாவில் விற்கும் 'தாய்மார்களுக்கான' சத்துப் பவுடர். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். கருப்பட்டியும் தேனும் அப்படியே. இதைச் சொல்லி முடித்த மறுநாளே ஒருவர் பனங்கற்கண்டைத் தூக்கிக்கொண்டு வருவார்.

அம்மாவின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், அவருடைய இன்சுலின் போகாது. குழந்தையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து, வந்ததையெல்லாம் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். பிறந்ததும் அம்மாவிடமிருந்து வரும் சர்க்கரை நிற்கும், இன்சுலின் உடனே நிற்காது; குதிகாலில் குத்திப் பார்ப்பது அதனால்தான். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

"எங்க பரம்பரையே பருமன்தான் டாக்டர்" என்பது அடுத்து வரும் பதில். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் பீமா பழங்குடி மக்களிடையே உடன்பிறந்தவர்களையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அம்மாவுக்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட, வந்தபின் பிறந்த பிள்ளைக்குப் பருமன் அதிகம். கனடாவின் கியூபெக்கில் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள்: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு பிள்ளை, பின் ஒரு பிள்ளை. பின்னால் பிறந்ததற்குப் பருமன் குறைவு. அதே அம்மா, அதே பரம்பரை, அதே வீட்டுச் சமையல். மாறியது கருப்பைக்குள் இருந்த ஒன்பது மாதம்.

கர்ப்பத்தில் எவ்வளவு எடை ஏறலாம் என்பது அதற்கு முன் எவ்வளவு இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பல நாடுகளில் பின்பற்றப்படுவது 2009இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' வகுத்த அளவு. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைதானா என்று காட்டும் எண், 18.5க்குக் கீழே உள்ள ஒல்லியான பெண் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம். சராசரி எடை என்றால் 11.5 முதல் 16. பி.எம்.ஐ. 25ஐத் தாண்டியிருந்தால் 7 முதல் 11.5. முப்பதைத் தாண்டியிருந்தால் 5 முதல் 9 கிலோ, அவ்வளவே. நம் உடல்வாகுக்கு 23லேயே அதிக எடைக் கணக்கு ஆரம்பித்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பையனின் அம்மா முதல் கர்ப்பத்துக்கு முன் 155 செ.மீ. உயரம், 74 கிலோ. ஐந்திலிருந்து ஒன்பது கிலோ ஏறியிருக்க வேண்டியவர் ஏறியது 19. யாரும் அவரைத் திட்டவில்லை. "இப்பதான் கர்ப்பிணி மாதிரி இருக்கே" என்று பாராட்டினார்களாம்.

தமிழ்நாட்டில் இது அபூர்வமான எடை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். எனவே எடையைப் பற்றிப் பேச உகந்த காலம் குழந்தைக்குத் திட்டமிடும்போது. கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே ஃபேஷியலுக்கு நாள் குறிக்கிறோம். எடை மெஷினில் ஒருமுறை ஏறிப் பார்க்கக் கூடாதா? மாப்பிள்ளைகளும்தான்.

இதைப் படித்துவிட்டு யாராவது பட்டினி கிடக்கப் போகிறீர்கள் என்று பயமாக இருக்கிறது. "குழந்தை சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆகும்" என்று அரை வயிற்றோடு இருப்பவர்களையும் பார்க்கிறேன். அதுவும் அதே கிணறு, வேறு படிக்கட்டு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. கர்ப்பத்தின் முதல் பாதியில் அந்தப் பஞ்சத்தில் சிக்கிய தாய்மார்களுக்குப் பிறந்த ஆண்பிள்ளைகளிடம், 19 வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது, பருமன் அதிகமாகக் காணப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? புனேவில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் கண்டது நம் வீட்டுக் கதை: அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5. எடையில் இவ்வளவு குறைந்த நம் குழந்தைகளிடம் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுப்பு. அப்படிப் பிறந்ததைப் 'தேற்றுகிறேன்' என்று பால்பவுடரும் பிஸ்கட்டுமாகத் திணித்தால் என்ன ஆகும் என்று என் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

புனேயிலேயே இன்னொன்றும் தெரிந்தது. ஃபோலேட் (ஃபோலிக் அமில மாத்திரை தரும் சத்து) நிறைய, வைட்டமின் பி12 குறைவு என்றிருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது சுரக்கும் இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காத நிலை, கூடுதல். இதற்காக ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து! சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறேன். சென்னை டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடி எளிமையாக்கிய சோதனை இது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. முதல் வருகையிலேயே ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும். "அவ்வளவு இனிப்பைக் குடிச்சா குழந்தைக்குச் சர்க்கரை வந்துடும்" என்று பயந்து சோதனையைத் தவிர்ப்பவர்கள் ஒரு ரகம், அவர்கள்தான் சாயங்காலம் ஜூஸ் குடிப்பார்கள். இன்னொரு ரகம், முந்தின ரெண்டு நாள் சோற்றைத் தொடாமல் இருந்து சோதனையில் 'பாஸ்' ஆகிறவர்கள். யாரை ஏமாற்றுகிறீர்கள்?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரை, பருப்பு, மீன், முட்டை என்று நிரப்புங்கள். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், பிழியாதீர்கள். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லாதவரை சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். மாடிப்படி ஏறினால் கரு கலைந்துவிடாது. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டியில் இருக்கும் நெய்யையும் பேரீச்சையையும் ஒரே வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. பிறந்தபின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.

இதைப் படிக்கும் அம்மாக்களே, உங்கள் பிள்ளை ஏற்கெனவே குண்டாக இருந்தால், நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு அழாதீர்கள். உங்கள் தட்டில் பரிமாறியது பெரும்பாலும் நீங்கள் இல்லை. நான் சண்டை போடுவது கரண்டி பிடித்திருப்பவர்களோடு.

அன்றும் அப்படித்தான் பாட்டியோடு அரை மணி நேரம் போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் செய்யக் கூடாதா?"

"தாராளமா செய்ங்கம்மா. எல்லாத்துலயும் ஒரு ஸ்பூன் குடுங்க. ஆனா வளைகாப்பு ஒரு நாள்தான்."

இந்த முறை மகள் இன்னும் சர்க்கரைச் சோதனை செய்திருக்கவில்லை. மறுநாளே போய்ச் செய்யச் சொல்லி அனுப்பினேன். முடிவு நேற்று வந்தது: 152. போனில் சொன்னது பாட்டிதான். கேசரி டப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், அதில் இப்போது கொண்டைக்கடலை போகிறதாம்.