பவர் பட்டனுக்கு எண்ணெய் விடாதீர்கள்

கம்ப்யூட்டரின் பவர் பட்டன் ஒட்டுகிறதென்று மறுபடியும் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இந்தமுறை பட்டனோடு நிற்கவில்லை, அதற்குக் கீழே இருக்கும் யூஎஸ்பி துவாரத்துக்குள்ளும் இறங்கிவிட்டது. சில வீடுகளில் தையல் மெஷின் எண்ணெய், சில வீடுகளில் துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே. பெயர்தான் மாறுகிறது, கேசிங்கின், அதாவது கம்ப்யூட்டர்ப் பெட்டியின், முன்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஒரே கறுத்த பிசின்தான்.

கதவுப் பிணைச்சல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடலாம். அங்கே இரும்போடு இரும்பு உரசுகிறது. பவர் பட்டன் என்பது பிளாஸ்டிக் குழிக்குள் ஓடும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. எண்ணெய் இல்லாததால் அது ஒட்டுவதில்லை, அழுக்கு இருப்பதால்தான் ஒட்டுகிறது. நம் ஊரில் அந்த அழுக்கு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நுண்ணிய மண் உள்ளே போய் இருந்துவிடுகிறது. பிறகு மாரி வருகிறது. கடற்காற்றோடு வந்து படிந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டியதும் தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மண்ணும் உப்புநீரும் விரல் அழுக்கும் சேர்ந்தால் பசைதான். திருகோணமலையில் உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னலோரம் மெஷினை வைத்திருப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும்.

இதன்மேல் எண்ணெய் விட்டால் முதல் நாள் பட்டன் வழுக்கிக்கொண்டு ஓடும். ஏமாற்றமே அங்கேதான். "பார்த்தீங்களா, சரியாப் போச்சு" என்று வீட்டில் எல்லாரும் நம்பிவிடுவார்கள். அடுத்த சில வாரங்களில் அந்த எண்ணெய் வருகிற தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஏசி அறையென்றால் இன்னும் மோசம்: தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு சுவிட்சுக்குள்ளும் அது ஊறும். சாதாரண டபிள்யூடி-40 ஆவியாகிப் போனாலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுத்தான் போகும். மின்தொடுகைகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே என்பது வேறு சாமான்.

இன்னொரு வீண் செலவு. மெஷின் ஒன் ஆகி நாலைந்து செக்கனில் அணைந்துவிடுகிறது, உடனே "பவர் சப்ளை போயிட்டுது" என்று மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டியைப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். பட்டனைத் தொடர்ந்து 4 செக்கன் அமுக்கிப் பிடித்தால் மதர்போர்ட் (உள்ளே இருக்கும் பிரதான சுற்றுப்பலகை) மெஷினைக் கட்டாயமாக அணைத்துவிடும். ஒட்டிக்கொண்ட பட்டன் செய்வதும் அதையேதான். காசைக் கொடுக்க முன்னர் இதைச் செய்து பாருங்கள்.

பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். மிச்ச மின்சாரம் வடிய ஒரு நிமிடம் விடுங்கள். பின்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி இடதுபக்கத் தகட்டைத் திறந்தால், பெரும்பாலான மதர்போர்ட்டுகளில் கீழ் வலது மூலையில் மெல்லிய வயர்கள் கூட்டமாகப் போய்ச் சேரும் இடம் தெரியும். முதலில் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், பிறகு அழவேண்டி வராது. "பவர் எஸ்டபிள்யூ" (POWER SW) என்று எழுதியிருக்கும் இரண்டு ஓட்டைத் தலையை, வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். பிளக்கைத் திரும்பப் போட்டு, தலை கழன்ற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகப் பின்னையும் மட்டும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டு எடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை, சொக் அடிக்காது. பக்கத்துப் பின்னில் நுனி வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் ஒன் ஆகி அணையாமல் ஓடினால் பவர் சப்ளை மேல் பிழையில்லை, பட்டன்தான் குற்றவாளி.

அவசர வேலை இருந்தால், மறுபடி பிளக்கைக் கழற்றிவிட்டு, ரீசெட் பட்டனின் தலையை எடுத்து பவர் பின்களில் போடுங்கள். இரண்டும் ஒரே வகைச் சுவிட்ச், எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். எல்ஈடி வயர்களுக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு. செலவு ஒரு சதமும் இல்லை. இதைச் சொல்லிக்கொடுத்தால் கடைக்காரருக்கு நட்டம்தான், பரவாயில்லை.

முறையாகச் சுத்தம் செய்ய முன்மூடியைக் கழற்ற வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். உள்ளிருந்து அவற்றை அமுக்கிக்கொண்டு கீழிருந்து மெதுவாக இழுங்கள். சில கேசிங்குகளில் யூஎஸ்பி வயர்கள் மூடியோடு சேர்ந்தே வரும், வெடுக்கென்று பிடுங்கினால் அதுவும் போச்சு. கீழே ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள், ஸ்பிரிங் பறந்துபோனால் தேடி எடுப்பது கஷ்டம். பட்டனைப் பழைய டூத்பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவி நன்றாகக் காயவிடுங்கள். குழியை கொட்டன் பட்டில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். 70 வீதமென்றால் அதில் தண்ணீரும் கலந்திருக்கிறது, பொறுமையாகக் காயவிடுங்கள். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அகற்றி எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

ஸ்பிரிங்கைப் போட முன்னர் பட்டனைக் குழியில் வைத்து மூடியை முன்னும் பின்னும் சரித்துப் பாருங்கள். தன் பாரத்திலேயே நழுவ வேண்டும். எங்காவது தடக்கினால் அந்த விளிம்பில் 600ஆம் இலக்க அரத்தாள் இரண்டு தேய். அதிகம் தேய்த்தால் பட்டன் ஆடும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வளையும் பிளாஸ்டிக் கை இருந்து, அது வெடித்திருந்தால், சுத்தம் செய்து பயனில்லை. ரீசெட் வழியோடு இருந்துவிடுங்கள்.

பட்டன் சுகமாக ஓடியும் மெஷின் அணைந்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் பழுது. மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்துச் சுவிட்சின் இரண்டு வயரிலும் தொட்டுப் பாருங்கள்: அமுக்கினால் பீப், விட்டால் அமைதி. விட்டபிறகும் பீப் வந்தால் மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் சதுரம், நாலு கால். வாங்கும்போது பழையதன் உயரத்தை அளந்து கொண்டுபோங்கள். உயரம் கூடினால், மூடியைப் பூட்டியதும் பட்டன் எந்நேரமும் அமுங்கியே இருக்கும், வியாதி அப்படியே திரும்பி வரும். எந்தக் கால் எதோடு சோடி என்று குழம்பினால் மூலைவிட்டத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு கால்களுக்கு வயரை ஈயம் வையுங்கள், பிழை வராது.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் கப்பாசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், பிளக்கைக் கழற்றிய பிறகும். பட்டனில் பல்குத்தியைச் செருகி வைப்பது, ஒட்டுகிறதே என்று சுவர்ச் சுவிட்சால் அணைப்பது இரண்டையும் தயவுசெய்து விடுங்கள். மெஷின் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அணைந்தால் பைல்கள்தான் கெடும். ஸ்டார்ட் மெனுவிலிருந்து அணையுங்கள். பவர் பட்டன் எதுவும் செய்யாதபடி விண்டோஸில் மாற்றிவைக்கலாம், ஆனால் அது தவறுதலாகப் படும் விரலுக்குத்தான் மருந்து, 4 செக்கன் ஒட்டும் பட்டனை அது தடுக்காது.

பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னர் ஓடும் மதர்போர்ட்டின் அமைப்புப் பக்கத்தில், கரண்ட் வந்ததும் தானாக ஒன் ஆகும் வசதியைப் போட்டால் பட்டனே தேவையில்லை என்று சிலர் யோசனை சொல்வார்கள். கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் மெஷினும் அதோடு சேர்ந்து அணைந்து எழும்பிக்கொண்டே இருக்கும். யூபிஎஸ் இல்லாத வீட்டில் அதைப் போட வேண்டாம்.