கழுத்தில் தொங்கிய மீட்டரும் 1816-ஆம் ஆண்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சேகரிப்புத் தொட்டியைத் தூர்வாரும் நாளன்று பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் நான் அங்கே போய் நின்றபோது, எல்லாம் ஒழுங்காக நடப்பதைப் போலத்தான் முதலில் தோன்றியது. வேலை அனுமதிச் சீட்டு எழுதப்பட்டிருந்தது. அதில் ‘கேஸ் மீட்டர் உள்ளதா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போடப்பட்டிருந்தது. மேற்பார்வையாளரின் கழுத்தில், ஆபத்தான வாயுவைக் கண்டால் ஒலியெழுப்பும் மஞ்சள் நிற மீட்டர் ஒன்று பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தொங்கியது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி, “மீட்டர் கத்தலைண்ணே, இறங்கிடலாம்” என்று சொன்னபடியே ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கையிலும் இல்லாமல் தரையில் சுருண்டு கிடந்தது.

அவரை மேலே வரச் சொல்லிவிட்டு, மீட்டரில் உறிஞ்சு குழாயை மாட்டித் தொட்டிக்குள் இறக்கினோம். அதுவரை அந்த மீட்டர் சோதித்துக்கொண்டிருந்தது ஷெட்டின் கூரைக்குக் கீழே வீசிய வெளிக்காற்றைத்தான். குழாய் ஆறடி ஆழம் போவதற்குள் மீட்டர் அலறத் தொடங்கியது. அலறல் அடங்கியதும் அந்தத் தொழிலாளி மெதுவாகச் சொன்னார்: “போன வருசம் மீட்டரே கிடையாது சார். மூடியைத் திறந்து வெச்சு, அரை நாள் விட்டு, பயந்து பயந்துதான் இறங்குவோம். இப்பதான் மீட்டர் வந்துருச்சேன்னு…”

அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1816-ஆம் ஆண்டு. பயிற்சி வகுப்புகளில் அந்த ஆண்டைப் பற்றி நான் நீண்ட நேரம் பேசுவதற்கும் அன்றைய நாளே காரணம்.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் 1816 என்றதும் வேறு எதையேனும் சொல்லக்கூடும். இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்து, அதன் கந்தகத் துகள்கள் மேல்வளிமண்டலத்தில் பரவியதால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கோடையே இல்லாத ஓர் ஆண்டைக் கண்டன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது, சுவிட்சர்லாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் விளைச்சல் பொய்த்து ரொட்டியின் விலை ஏறியது, அயர்லாந்தில் பஞ்சத்தோடு டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அர்ஜென்டினா தன் விடுதலையை அறிவித்தது அந்த ஆண்டின் ஜூலை 9 அன்று. பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்க, ஸ்டெதஸ்கோப் பிறந்ததும் அப்போதுதான். இவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். என் தொழிலுக்கு உரியவை அந்த ஆண்டின் இரண்டு நிகழ்வுகள்: ஒன்று நிலத்துக்கு அடியில் நடந்தது, மற்றொன்று கடலில்.

முதலாவது, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்காகிய டேவி விளக்கு. அதன் தொடக்கம் நான்கு ஆண்டுகளுக்கு முன்னே செல்கிறது. 1812 மே 25 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கில், கேட்ஸ்ஹெட் நகருக்கு அருகிலுள்ள ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். நிலக்கரிப் படிவத்திலிருந்து கசியும் மீத்தேன், காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும். சுரங்கத்திலோ வெளிச்சத்துக்கு வேறு வழி கிடையாது, மெழுகுவத்திதான். வாயு மிகுந்த இடங்களில், மெழுகுவத்தியைவிட ஆபத்து குறைவு என்று நம்பி, சுழலும் எஃகுச் சக்கரத்தில் சிக்கிமுக்கிக் கல்லை உரசி, அந்தப் பொறிகளின் வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். அழுகும் மீன்தோலின் மங்கலான ஒளியைக்கூட நம்பி வெட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த மனிதர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது புரியும்.

ஃபெல்லிங்கில் இறந்தவர்களில் பலரை அடக்கம் செய்த போதகர் ஜான் ஹாட்ஜ்சன் அந்த விபத்தைப் பற்றி எழுதி வெளியிட்டார். 1813-இல் சண்டர்லாந்தில் சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1815-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி சுரங்கப் பகுதிக்கு வந்து பார்த்து, வாயு மாதிரிகளை லண்டனுக்கு வரவழைத்து ஆராய்ந்தார். அவர் கண்டறிந்த வழி எளிமையானது. சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலையை வைத்தால், காற்றும் வாயுவும் உள்ளே போகும். ஆனால் வெளியேற முயலும் தீயின் வெப்பத்தை உலோகக் கம்பிகள் உறிஞ்சிக்கொள்வதால் தீ வலையைத் தாண்டாது. அங்குலத்துக்கு 28 கண்கள், அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 784 கண்கள் என்பது அந்த வலையின் கணக்கு. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்துக்குள் அந்த விளக்கு எடுத்துச் செல்லப்பட்டது. வாயு நிறைந்த இடத்திலும் அது வெடிப்பை உண்டாக்கவில்லை. டேவி அதற்குக் காப்புரிமை பெறவில்லை. கில்லிங்வொர்த் சுரங்கத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் அதே காலத்தில் தனியாக ஒரு விளக்கைச் செய்திருந்ததால், முதலில் செய்தவர் யார் என்ற சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. அது சுவையான கதைதான் என்றாலும் இங்கே தேவையில்லை.

இந்த விளக்கின் இன்னொரு பயனையே என் வகுப்புகளில் நான் அழுத்திச் சொல்வேன். மீத்தேன் கலந்த காற்றில் அதன் சுடருக்கு மேலே மங்கிய நீல நிறத் தொப்பி ஒன்று எழும்பும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் சுடர் சுருங்கி அணைந்துவிடும். ஆகவே வெளிச்சம் தந்த அந்த விளக்கே வாயுவைக் காட்டும் மீட்டராகவும் இருந்தது. இன்று நம் கழுத்தில் தொங்கும் கருவிக்கு அதைத் தாத்தா என்றே சொல்லலாம்.

அப்படியானால் 1816-க்குப் பிறகு சாவுகள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தேர்வுக் குழு சுரங்க விபத்துகளை ஆராய்ந்தபோது வெளிவந்த கணக்கு இது: டர்ஹம், நார்தம்பர்லாந்து ஆகிய இரு மாவட்டங்களிலும் விளக்கு வருவதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 447 பேர், விளக்கு வந்த பிந்தைய 18 ஆண்டுகளில் 538 பேர். இடைப்பட்ட காலத்தில் சுரங்கங்களும் உற்பத்தியும் பெருகின என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். விளக்குதான் கொன்றது என்று சொல்வது நேர்மையாகாது. ஆனாலும் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகு எண்ணிக்கை இறங்கவே இல்லை என்பது அந்தக் குழுவையும் உறுத்தியது.

காரணங்களைப் பார்த்தால் எதுவுமே நமக்குப் புதிதாக இராது. வாயு மிகுதி என்று முன்பு கைவிடப்பட்ட பகுதிகளை, விளக்கு இருக்கிறது என்ற துணிவில் மீண்டும் திறந்தார்கள். காற்றோட்டத்துக்குச் செலவிட வேண்டிய இடத்தில் விளக்குகளை வாங்கிக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்ட முதலாளிகள் இருந்தார்கள். வலைக்குள்ளிருந்து வந்த வெளிச்சம் மிகவும் மங்கலாக இருந்ததால், வெட்டிய கரியின் அளவுக்கேற்பக் கூலி பெற்ற தொழிலாளர்கள் வலையைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். வலையில் துரு ஏறியது, ஒரு கம்பி அறுந்தது, யாரும் பார்க்கவில்லை. வேகமாகக் காற்று அடித்தால் சுடர் வலையைத் தாண்டிவிடும் என்பதால், காற்றோட்டத்தைக் கூட்டிய இடங்களில் அதே விளக்கு ஆபத்தாகவும் மாறியது. ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலகுவதற்குப் பயன்பட்டிருக்க வேண்டிய ஒரு கருவி, ஆபத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது.

சாயத் தொழிற்சாலைத் தொட்டியில் நடந்ததும் இதேதான். மீட்டர் இல்லாத காலத்தில் பயம் அவர்களை அரை நாள் காக்க வைத்தது. மீட்டர் வந்த பிறகு அந்த அரை நாள் காணாமல் போனது. நாம் கருவியை வாங்குகிறோம், ஆனால் அதைப் பயன்படுத்தும் முறையை வாங்குவதில்லை. கழிவுச் சகதியில் உண்டாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தேங்கும். மீத்தேன் இலேசானது, மேலே ஏறும். ஆகவே மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் குழாயை இறக்கி அளந்தால்தான் அது சோதனை. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே இறங்கக் கூடாது. வெளிக்காற்றில் அது 20.9 என்பதால் இடைவெளி எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று மூக்கை நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நாற்றத்துக்குரிய ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகும்போது முதலில் செயலிழப்பதே மோப்ப உணர்வுதான் என்பதால், நாற்றம் நின்றுபோவதை வாயு போய்விட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு இறங்கியவர்கள் திரும்புவதில்லை. இன்னொன்று, மேலே நின்று அளக்கும்போது அமைதியாக இருக்கும் சகதி, கால் பட்டுக் கலங்கியதும் வாயுவை விடும்; ஆகவே வேலை முடியும் வரை மீட்டர் உள்ளே இருப்பவரின் மார்பருகே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மீட்டரின் சென்சாருக்கும் ஆயுள் உண்டு. அன்றன்று காலையில் சோதனை வாயுவைக் காட்டி அது கத்துகிறதா என்று பார்க்காத மீட்டர், 1820-களில் துருவேறிய வலையோடு இறங்கிய விளக்குக்குச் சமம்.

இனி கடலுக்கு வருகிறேன். 1816 ஜூன் 17 அன்று பிரான்சிலிருந்து மெடூஸ் என்ற போர்க்கப்பல், வேறு மூன்று கப்பல்களோடு, ஆங்கிலேயர் திருப்பித் தர ஒப்புக்கொண்ட செனகலைப் பொறுப்பேற்கப் புறப்பட்டது. கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 400 பேர். தலைவர் ஷோமரே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலை விட்டு விலகியிருந்தவர். அரசருக்கு விசுவாசமானவர் என்பதே அவருக்குக் கிடைத்த பதவியின் தகுதி. அனுபவமுள்ள தன் அதிகாரிகளை ஒதுக்கிவிட்டு, வழிகாட்டும் பொறுப்பை ரிஷ்ஃபோர் என்ற ஒரு பயணியிடம் விட்டார். ஜூலை 2 அன்று கடல் நீரின் நிறம் மாறியது. அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஆழம் பார்க்கும் ஈயக்குண்டை இறக்கினார்கள்: 18 பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி). மறுபடி இறக்கியபோது 6 பாகம். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கப்பல் இன்றைய மொரிட்டானியாவின் கரைக்கு அப்பாலுள்ள ஆர்கன் மணல் திட்டில் ஏறி நின்றது.

ஆறு படகுகளில் எல்லாருக்கும் இடமில்லை. பாய்மரங்களையும் பலகைகளையும் பிணைத்து ஒரு தெப்பம் கட்டினார்கள். அதில் 147 பேரை ஏற்றினார்கள். படகுகள் அதைக் கயிற்றால் கரைக்கு இழுத்துச் செல்லும் என்பது ஏற்பாடு. சிறிது தூரம் போவதற்குள் கயிறு விடப்பட்டது. 13-ஆம் நாள் ஆர்கஸ் என்ற கப்பல் தெப்பத்தைக் கண்டபோது 15 பேர் உயிரோடு இருந்தார்கள். தப்பியவர்களான மருத்துவர் சாவினியும் பொறியாளர் கொரியாரும் எழுதிய விவரங்களால்தான் தெப்பத்தில் நடந்த கொலைகளும் பட்டினியும் உலகுக்குத் தெரிந்தன. கப்பல் தலைவருக்குக் கிடைத்தது மூன்றாண்டுச் சிறை.

மெடூஸில் அளவுகோல் இருந்தது. குண்டை இறக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமைதான் அவர்களிடம் இல்லை. தொழிற்சாலைகளில் நான் முதலில் தேடுவது இந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை. இரவு ஷிஃப்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் “எனக்குச் சரியாப் படலை, இறங்க மாட்டேன்” என்று சொன்னால், மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? அடுத்ததாகத் தேடுவது கயிற்றின் மறுமுனையை. இடுப்பில் கட்டிய கயிறு மயங்கிய மனிதரைக் குறுகிய வாய்வழியே தூக்க உதவாது; தோளோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸும், தொட்டியின் வாய்க்கு மேலே கயிற்றை இழுத்துத் தூக்கும் முக்காலிச் சட்டமும், அதன் பக்கத்திலிருந்து ஒரு நொடியும் நகராத ஆளும் வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடங்களில்தான், விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்த இரண்டாமவரும் மூன்றாமவரும் இறந்த செய்திகளைப் படிக்கிறோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தராமல், அல்லது உள்ளே செல்பவர் சுவாசக் கருவி அணிந்து, அவரது கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திராமல், இத்தகைய இடத்துக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று அப்போதே எழுதி வைத்தது. பாதாளச் சாக்கடைகளையும் கழிவுத்தொட்டிகளையும் பொறுத்தவரை கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அவற்றில் நேரும் ஒவ்வொரு சாவுக்கும் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்தச் சாயத் தொழிற்சாலையில் மறுவாரம் அனுமதிச் சீட்டை மாற்றி அச்சிட்டோம். ‘கேஸ் மீட்டர் உள்ளதா?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, மேல், நடு, அடி என மூன்று கட்டங்களை வைத்து, அளந்த எண்ணையும் நேரத்தையும் எழுதச் சொன்னோம். கயிற்றின் மறுமுனையில் நிற்பவர் கையெழுத்திட ஒரு கோடு. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இறங்குபவருக்கே என்று கீழே ஒரு வரி. புதிய சீட்டை முதலில் நிரப்பியவர் அன்று ஏணியில் கால் வைத்த அதே தொழிலாளிதான். அடி மட்டத்துக்கான கட்டத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடின் அளவை 140 என்று எழுதி, அதைக் கோடிட்டு அடித்து, காற்றைச் செலுத்தும் புளோயரை நாற்பது நிமிடம் ஓட்டிய பிறகு பக்கத்தில் 0 என்று எழுதியிருந்தார். அடித்த எண்ணைத் திருத்தி எழுத வேண்டாம், இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.