பதக்கத்தில் பூத்த பச்சை

ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாத்தா, தன் அப்பா பர்மா போரில் வாங்கிய பதக்கத்தை எடுத்துக் காட்டினார். செம்பு கலந்த உலோகத்தில் ஆறு முனை நட்சத்திரம். கருநீல நாடாவின் நடுவே சிவப்புப் பட்டை. ஒரு முனையில் வெளிர்பச்சையாக மாவு பூத்திருந்தது. நகம் பட்டதும் உதிர்ந்தது, அடியில் குழி.

"புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சா பளிச்சுனு ஆயிடும்பா."

"வேணாம் தாத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

பச்சை எல்லாமே கெடுதல் இல்லை. பழைய செம்பில் கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சை அதற்குத் தோல் மாதிரி. மாவாக உதிர்வதுதான் ஆபத்து. கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, குப்ரஸ் குளோரைடாக உள்ளே பதுங்கிக் கிடக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது பச்சைப் பொடியாகும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பை அரிக்க, மறுபடி குளோரைடு, மறுபடி பொடி. இதற்கு வெண்கல நோய் என்று பெயர். புளி மேல்பச்சையைக் கரைப்பதோடு எழுத்தின் விளிம்பையும் மழுக்கிவிடும். உப்போ, குழிக்குள் நோய்க்கே தீனி போடும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நோய் பெரும்பாலும் அடங்கிவிடும். வடசென்னையில் 70ஐத் தாண்டுவது சாதாரணம்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமானாலும், நீலகிரியின் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வைத்திருக்கும் சேகரிப்பானாலும், ராணுவப் பொருள் என்றால் உலோகம் தனியாக இருப்பதில்லை. கம்பளிச் சட்டையிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளிப் பதக்கத்தைக் கருக்கும். தோல் வாரின் கொழுப்பு பித்தளைக் கொக்கியில் பச்சை மெழுகாகத் திரளும். மர அலமாரி கசியவிடும் அசிட்டிக் அமிலம் ஈயக் குண்டை வெள்ளைப் பொடியாக்கும். உலோகத்துக்காகக் காற்றை ரொம்ப உலர்த்தினால் தோல் வெடிக்கும்! அதனால்தான் அலமாரிக்கான துணியையும் பலகையையும் முதலில் சோதிக்கிறார்கள்: அதில் ஒரு துணுக்கை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடும் கொஞ்சம் நீரோடும் வைத்துக் குப்பியை மூடி, 60 டிகிரியில் 28 நாள். உலோகத் துண்டு நிறம் மாறினால் அந்தப் பொருள் வேண்டாம். கண்டுபிடித்தவர் பெயரால் ஆடி (Oddy) சோதனை என்பார்கள்.

நோய் கண்ட வெண்கலத்துக்கு வைத்தியம் நம் ஊரிலேயே உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் தொடங்கி, மின்சாரம் பாய்ச்சும் மின்பகுப்பு முறையில் சிலைகளின் குளோரைடை வெளியேற்றினார்கள். பெருமையாகச் சொல்ல வேண்டிய சேதி இது.

தாத்தாவின் நட்சத்திரம் இப்போது இறுக மூடிய டப்பாவில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. போன வாரம் போன் செய்தார்: "கலர் மாறிடுச்சுப்பா, வேற பொட்டலம் எடுத்துட்டு வா."