ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் ரிங் ஸ்க்ரூவைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது. "ஸ்கோப் சரியில்லை, ஜீரோ நிற்கவே மாட்டேங்குது" என்று சொல்லி ரைஃபிளை என் மேஜையில் வைத்தார் ஒருவர். ஸ்கோப் என்றால் ரைஃபிளின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி; ஜீரோ என்றால் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அதைச் சரிசெய்வது. ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து வைக்கும் வளையம்தான் ரிங். அதன் மேல் மூடியைக் கழற்றி, ஸ்கோப் டியூபின் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டினேன். ரிங்கின் விளிம்பு உட்கார்ந்திருந்த இடத்தில் நகம் தட்டி நின்றது. பிறை மாதிரி ஒரு பள்ளம். "ஆடாம இருக்கட்டும்னு நல்லா இறுக்கினேன்" என்றார்.

இந்த "நல்லா இறுக்கினேன்" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஸ்கோப் டியூப் இரும்புத் தடி இல்லை. உள்ளே கூடான, மெல்லிய அலுமினியம். அதற்குள் ஸ்பிரிங் தாங்கிப் பிடித்தபடி இன்னொரு சின்ன டியூப் இருக்கிறது. நீங்கள் குமிழைத் திருகும்போது நகர்வது அதுதான். வெளி டியூபை நசுக்கினால் உள் டியூப் சிக்கிக்கொள்ளும். நான்கு கிளிக் (குமிழின் ஒரு படி ஒரு கிளிக்) திருகியும் குறி அசையாது. அடுத்த வேட்டின் அதிர்ச்சியில் நான்கும் சேர்ந்து ஒரேயடியாக நகரும். அதைப் பார்த்ததும் ஏதோ லூசாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்குகிறீர்கள். பள்ளம் இன்னும் ஆழமாகிறது.

ரிங் மூடி ஸ்க்ரூக்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 2 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான். சரியான எண் ரிங்கோடு வந்த தாளில் இருக்கும், தயவுசெய்து அதைப் படியுங்கள். கை உணர்வை நம்பாதீர்கள், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்க்ரூ கழலாமல் இருக்க ஊற்றும் பசையை ரிங் மூடியில் ஊற்றாதீர்கள். ஈரமாக இருக்கும்போது அது எண்ணெய் போல வழுக்கும், அதே அளவில் ரெஞ்ச் நின்றாலும் இறுக்கம் கூடிவிடும்.

இறுக்கும் முன் கண் தூரம், அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி. உருப்பெருக்கத்தை அதிகபட்சத்தில் வையுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தை ரைஃபிளின் கட்டையில் பதியுங்கள், அப்புறம் கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கருநிழல் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். படுத்துச் சுடுபவர்கள் படுத்தே பார்க்க வேண்டும், அப்போது தலை தானாக முன்னே போகும். உதைப்பில் ஸ்கோப் இடித்துப் புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் நின்றபடி பார்த்து மாட்டியவர்கள்.

குழல் வாயில் லேசர் வைத்துப் பார்த்தது ஜீரோ ஆகாது. முதல் குண்டு தாளில் விழ அது உதவும், அவ்வளவுதான். சுடும் முன் அந்த லேசரைக் கழற்றி எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும்.

25 மீட்டரில் தொடங்குங்கள். 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகர்த்தும் கிளிக், இங்கே 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்த்தும், ஆகவே நான்கு மடங்கு திருக வேண்டும். ஒரே வகைத் தோட்டாவில் மூன்று வேட்டு, குமிழைத் தொடாமல். மூன்று ஓட்டைகளின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். ஒவ்வொரு ஓட்டையையும் துரத்திக்கொண்டு திருகினால் ஒரு பெட்டி தோட்டா தீரும், ஜீரோ வராது. குழல் ஆறட்டும், பிறகு 100 மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

உண்மையிலேயே ஸ்கோப் உடைவதும் உண்டு. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னுக்கு உதைத்த கையோடு முன்னுக்கும் குலுங்கும். அதற்கென்று செய்த ஸ்கோப்பைத்தான் அதில் மாட்ட வேண்டும்.

சந்தேகமா? சரி, இன்னொரு சுற்று இறுக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு.