நடுவட்டத்துப் பட்டையும் எல்லை தாண்டும் கிருமியும்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் வரும் நடுவட்டத்தில் இன்று எங்கும் தேயிலை. 1860-களில் இங்கே நட்டது சிங்கோனா. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து ஆங்கிலேயர் கிளெமென்ட்ஸ் மார்க்கம் குழுவினர் கொண்டுவந்த மரம். ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட மக்கைவர் அதை வளர்த்தெடுத்தார். பட்டை உரித்த இடத்தில் பாசியைச் சுற்றிக் கட்டினால் புதுப் பட்டையில் மருந்துச் சத்து கூடும் என்று கண்டவரும் அவரே. நம் பாட்டிமார் 'கொயினா' என்று சொன்ன மலேரியா மருந்து குயினைன் இந்தப் பட்டையின் சத்துதான்.

மலேரியா இந்த மலைக்கு அந்நியமில்லை. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று பின்னர் நிறுவிய ரொனால்ட் ராஸ், 1897-ல் ஊட்டி வந்தபோது கீழே சீகூரில் ஆராயப் போய்த் தானே காய்ச்சலில் விழுந்தார். உச்சியில் அந்தப் பயம் குறைவு; கடுங்குளிரில் கொசுவுக்குள் கிருமி முதிராது.

உடலுக்குள் வந்த கிருமி சிவப்பணுவில் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சுவது ஹீம், இரும்பு கலந்த அந்தக் கழிவு கிருமிக்கே நஞ்சு. அதைப் படிகமாக்கி முடக்கி வைத்துத்தான் கிருமி பிழைக்கிறது. குயினைன் அந்தப் படிகம் உருவாகாமல் தடுப்பதாகவே கருதப்படுகிறது; அதன் உறவான குளோரோகுயின் செய்வதும் அதுதான். தின்ற சோற்றின் கழிவிலேயே கிருமி சாகிறது. இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கசப்பின் மேல் எனக்குத் தனி மரியாதை.

1950-களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடிய எல்லையில் குளோரோகுயினுக்குப் பணியாத கிருமி தலைகாட்டியது. அதன் செரிமானப் பையின் சுவரில் ஒரு புரதம் மாறி, உள்ளே வந்த மருந்தை வெளியே கடத்தியது. 1973-ல் அசாம், 1970-களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்கா. மரபணுவைப் பார்த்தால் ஆப்பிரிக்கக் கிருமி தென்கிழக்கு ஆசியக் கிருமியின் வாரிசு. கொசு அவ்வளவு தூரம் பறக்காது. மனித ரத்தத்தில்தான் அது பயணம் செய்தது. காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு. எல்லைச் சாவடியின் வெப்பமானிக்கு அவர்கள் அகப்பட மாட்டார்கள்.

அதனால்தான் ஃபால்சிபரம் என்ற கொடிய வகை மலேரியாவுக்கு இப்போது, ஒரு சீனச் செடியிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு இன்னொன்றையும் சேர்த்து மூன்று நாள் கொடுக்கிறார்கள். முதலாவது கிருமிக் கூட்டத்தை வேகமாகச் சரிக்கும். மற்றது ரத்தத்தில் பல நாள் தங்கி மிச்சத்தை அழிக்கும். ஒன்றை ஏமாற்றியது மற்றதில் சிக்கும்.

மலேரியா இன்னும் மிகுந்திருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து நீலகிரித் தோட்டங்களுக்கு வேலைக்கு வருகிறார்கள். ஊர் போய்த் திரும்பியவருக்குக் குளிர்காய்ச்சல் என்றால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். பலருக்கு இரண்டாம் நாளே உடம்பு லேசாகிவிடும். மீதி மாத்திரையை வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கக் கிளம்பத் தோன்றும். அந்த மாத்திரைக்குத் தப்பிய கிருமிதான் அடுத்த கொசுவில் ஏறும்.