இரத்தத்தில் கசியும் கத்தரி: பி.எஸ்.ஏ. எண் ஏறும்போது என்ன நடக்கிறது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 64 வயது. ஆண்டுக்கொரு முறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவர். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி செய்யும் ஒரு புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்பது) என்ற வரியில் முதல் ஆண்டு 3.1, அடுத்த ஆண்டு 4.4, இந்த ஆண்டு 5.2. மூன்று தாள்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண்களை நீலப் பேனாவால் வட்டமிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாராம். “நடுராத்திரியில் எழுந்து விளக்கைப் போட்டு அதையே பார்க்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அப்பாவுக்குப் புற்றுநோய்தானா?”

கடைசித் தாளின் படத்தையும் அனுப்பியிருந்தார். 5.2 தடித்த எழுத்தில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. முப்பது சோதனைகளை ஒரே விலைக்குக் கட்டித் தருகிறவர்கள், அதில் ஒன்று ஒரு மனிதனின் தூக்கத்தைப் பறிக்கக்கூடியது என்று தெரிந்தும் இப்படித் தாளை நீட்டுவது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்தால் பயத்தின் பாதி உருவம் மாறிவிடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயை மோதிரம்போல் சுற்றி இருப்பது. ஆண்களுக்கு மட்டுமே உண்டு. வயதானால் வீங்கும், சிறுநீர் மெதுவாகப் போகும். இவ்வளவும் பலருக்குத் தெரிந்தது. அந்தச் சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதுதான் அதிகம் பேசப்படாதது.

கருத்தரிப்பு ஆய்வகம் ஒன்றில் அதை நேரில் பார்த்திருக்கிறேன். விந்து மாதிரி வந்தவுடன் தொழில்நுட்பர் அதைத் தொடவில்லை. குப்பியை 37 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் அது நுங்குபோல உறைந்து கிடந்தது, சாய்த்தால் முழுக்கட்டியாக நகர்ந்தது. இருபது நிமிடம் கழித்து எடுத்துச் சாய்த்தபோது இளநீர்போல ஓடியது. இடையில் யாரும் எதையும் சேர்க்கவில்லை.

அந்த இருபது நிமிடத்துக்குள் நடப்பதை என்னால் இன்றுவரை வியக்காமல் எழுத முடிந்ததில்லை. விந்துப்பைகளில் செமினோஜெலின் என்ற புரதம் சுரக்கிறது. அது வெளியே வந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிறது. விந்தணுக்கள் அதில் சிக்கி நிற்கின்றன. அந்த வலையை அறுக்கும் கத்தரிதான் பி.எஸ்.ஏ. புராஸ்டேட் சுரக்கும் ஒரு நொதி. ஆனால் கத்தரியைத் திறந்தபடி வைத்திருந்தால் சுரப்பிக்கே ஆபத்து அல்லவா? அதற்குப் பூட்டு துத்தநாகம். நம் உடலின் மென்திசுக்களில் துத்தநாகம் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடங்களில் ஒன்று புராஸ்டேட். அந்தத் துத்தநாகம் பி.எஸ்.ஏ.வின் வாயைக் கட்டிப்போடுகிறது. இரண்டு சுரப்புகளும் கலக்கும் நொடியில் செமினோஜெலின் அந்தத் துத்தநாகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. பூட்டு கழன்ற கத்தரி முதலில் வெட்டுவது யாரை? தன்னை விடுவித்த அதே செமினோஜெலினை! வலை அறுந்து நீராகிறது. விந்தணுக்கள் நீந்திப் போகின்றன.

ஆக, பி.எஸ்.ஏ. புற்றுநோய் உண்டாக்கும் நச்சு கிடையாது. ஆரோக்கியமான ஒவ்வோர் ஆணின் உடலும் நாள்தோறும் செய்யும் பொருள் அது. விந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பதோ நானோகிராம் கணக்கில், ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சுரப்பியின் நுண்ணறைகளைச் சுற்றி அடிச்செல்களும் ஒரு மெல்லிய சவ்வும் கரைபோல நின்று அதை உள்ளேயே வைத்திருப்பதால்தான் இந்த வேறுபாடு. இரத்தப் பரிசோதனை அளப்பது அந்தக் கரையின் கசிவை.

கரை பல காரணங்களால் கசியும். சுரப்பி பெரிதானால் சுரப்பும் கூடும், கசிவும் கூடும். கிருமித் தொற்றில் வீங்கினால் எண் திடீரென்று எகிறும். சிறுநீர் அடைத்துக் குழாய் போட்டிருந்தாலும், இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியிருந்தாலும் ஏறலாம். புற்றுநோய் வந்தாலும் கசியும். இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு செய்தி இருக்கிறது. புற்றுச்செல் ஒன்று சாதாரணச் செல்லைவிடக் கூடுதலாகப் பி.எஸ்.ஏ. செய்வதில்லை, பெரும்பாலும் குறைவாகவே செய்கிறது. ஆனால் அடிச்செல்களின் வரிசை சிதைந்துபோவதால் அது நேரே இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது.

இரத்தத்தில் இறங்கிய கத்தரியைப் பிடிக்க அங்கே வேறொரு புரதம் காத்திருக்கிறது. கூர்மையோடு வரும் பி.எஸ்.ஏ.வை அது கட்டிக்கொள்ளும். ஏற்கெனவே உடைந்து மழுங்கிய பி.எஸ்.ஏ. கட்டப்படாமல் தனியே சுற்றும். வீங்கிய சுரப்பியில் பி.எஸ்.ஏ. நெடுநேரம் தங்கி மழுங்குகிறது. புற்றிலிருந்து வருவதில் பெரும்பகுதி கூர்மையோடே வருகிறது. அதனால்தான் 4 முதல் 10 வரையுள்ள எண்களுக்குக் கட்டற்ற பி.எஸ்.ஏ.வின் சதவீதத்தையும் பார்க்கிறார்கள். 25 சதவீதத்துக்கு மேல் என்றால் ஐயம் குறைகிறது. 10க்குக் கீழே என்றால் கூடுகிறது.

இப்போது அந்த மூன்று எண்கள். நோய் எதுவும் மாறாத நிலையிலேயே, ஒரே மனிதருக்கு ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே 15 முதல் 20 சதவீதம் ஏறி இறங்குவது இயல்பு. 4.4க்கும் 5.2க்கும் உள்ள இடைவெளி இந்த ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். 3.1 முதல் 5.2 வரையிலான ஏற்றம் அப்படி அடங்காது. அதை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். 4 முதல் 10 வரை எண் உள்ளவர்களுக்குத் திசுப் பரிசோதனை செய்தால் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குப் புற்று தென்படுகிறது. மூவருக்கு இல்லை.

அடுத்து மருத்துவர் கேட்பது சுரப்பியின் அளவாக இருக்கும். 5.2ஐ அந்த அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். ஸ்கேனில் சுரப்பி 50 மில்லிலிட்டர் என்றால் 0.10 வருகிறது, பெரிய சுரப்பியின் பெரிய கசிவு. 25 என்றால் 0.21. வழக்கமாக 0.15ஐ எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். படத்தில் ஐயமான இடம் எதுவும் இல்லை, இந்த வகுத்தலும் எல்லைக்குள் இருக்கிறது என்றால் ஊசியால் திசு எடுக்காமலே கண்காணிப்பது இன்று பரவலான வழக்கம். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் எண் 4ஐத் தாண்டினாலே ஊசிதான்.

இந்த 4 என்ற எல்லைக்கும் ஒரு வரலாறு உண்டு. பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1986இல் அனுமதி கொடுத்தது, ஏற்கெனவே புற்று இருப்பவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்க மட்டுமே. நோயைக் கண்டறிய உதவும் என்ற அனுமதி 1994இல்தான் வந்தது. இந்த எல்லைகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களைப் பார்த்து வகுக்கப்பட்டவை. நம் ஊர் ஆண்களை ஆயிரக்கணக்கில், பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது நடக்காத இடத்தில்தான் “புராஸ்டேட்டைக் கரைக்கும் மூலிகை” விளம்பரங்கள் வளர்கின்றன. அந்தப் பொடிகளில் பணத்தையும், அதைவிட அரிய மாதங்களையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

அப்பாவின் இரவுகளுக்கு வருகிறேன். அவர் பயப்படுவது காத்திருக்கும் காலத்தைத்தான் என்று தோன்றுகிறது; ஒவ்வொரு நாளும் உள்ளே ஏதோ வளர்கிறது என்ற எண்ணம். பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை, இதே பரிசோதனையால் ஆரம்பநிலைப் புராஸ்டேட் புற்று கண்டறியப்பட்ட 50 முதல் 69 வயதுவரையிலான 1,643 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, ஒன்றுக்குக் கண்காணிப்பு. 2023இல் வெளிவந்த பதினைந்து ஆண்டு முடிவில், எந்தக் குழுவிலிருந்தாலும் நூற்றில் ஏறக்குறைய 97 பேர் அந்தப் புற்றால் இறக்கவில்லை. கண்காணிப்புக் குழுவில் நோய் பரவியவர்கள் மற்ற குழுக்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சுமார் 9 சதவீதம். ஆகவே கண்காணிப்பு என்பது மறந்துவிடுவது ஆகாது. ஆனால் புற்று உறுதியானவர்களின் கணக்கே இது என்றால், இன்னும் எதுவும் உறுதியாகாத ஒருவருக்கு மறுபரிசோதனைக்காக ஆறு வாரம் காத்திருப்பதால் எதுவும் கைநழுவிப் போகாது.

வேகமாகப் பரவும் வகையும் உண்டு. 2025 மே மாதம் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜோ பைடனுக்கு எலும்புவரை பரவிய நிலையில் கண்டறியப்பட்டது அந்த வகைதான். எலும்பு வலி, சிறுநீரில் இரத்தம், இளவயதிலேயே இந்த நோய் வந்த அண்ணன் தம்பி அல்லது தந்தை, குடும்பப் பெண்களிடம் மார்பக அல்லது சினைப்பைப் புற்று, இவற்றில் ஏதேனும் இருந்தால் ஆறு வாரம் என்ற கணக்கே வேண்டாம், உடனே சிறுநீரகவியல் மருத்துவரிடம் போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், அம்மா, மருத்துவரைக் கேட்டு மறுபரிசோதனைக்கு ஒரு தேதி குறித்து நாட்காட்டியில் எழுதுங்கள். அதுவரை அந்த உறை உங்களிடம் இருக்கட்டும். பதில் சொல்ல ஒரு நாள் இருக்கிறது என்று தெரிந்தால், எண்ணை இரவில் விசாரிக்க வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழியட்டும். அதே ஆய்வகத்துக்கே போங்கள், ஏனென்றால் கருவி மாறினால் எண்ணும் மாறும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் நெடுந்தூரச் சைக்கிள் வேண்டாம், தாம்பத்தியமும் வேண்டாம். இதை மகள் சொல்லக் கூச்சம் இருந்தால் அண்ணனோ சித்தப்பாவோ சொல்லட்டும். மருத்துவரிடம் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். பயத்தோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பாதிச் சொற்கள் காதில் விழாது.

இன்னொன்று. சிறுநீர் தடையின்றிப் போகவோ முடி உதிர்வதற்கோ அவர் ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மாத்திரை எதையாவது பல மாதமாகச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அவை பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்படியென்றால் அந்த 5.2ஐ மருத்துவர் 10 என்று எடுத்துக்கொள்வார். மாத்திரை அட்டை இருந்தால் அதையும் அந்த உறையிலேயே போட்டு எடுத்துச் செல்லுங்கள்.